முந்நூற்று நாற்பத்தெட்டாம் நாள்

“அந்தப் பதினேழு நாளைக் குறைச்சுடுங்க.”

ஏணி மேல் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் குனிந்து பார்க்கவில்லை. வாயில் இரண்டு ஸ்குரூ கவ்வியிருந்தார். ஒன்றை எடுத்து முடுக்கினார். இன்னொன்றை எடுத்து முடுக்கினார். ஃபேன் இறக்கையை விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சுற்றவிட்டுப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார்.

“எந்தப் பதினேழுக்கா?”

“என் வருஷத்துல மீதி இருக்கிற பதினேழு. இன்னிக்கு முந்நூத்தி நாப்பத்தெட்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சபைல ஒன்பது பேரும் உக்காரப்போறீங்க. இன்னிக்கே முடிஞ்சுதுன்னு எழுதிட்டா குடியா முழுகிடும் அண்ணா?”

இருவரில் யார் மூத்தவர் என்று இருவருக்குமே தெரியாது. அவர் அக்கா என்பார், இவள் அண்ணா என்பாள்.

முதல் நாளே சபையார் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சந்தேகம் கேளுங்கள், ஆறுதல் கேளுங்கள், அழவேண்டும் என்றால் ஆள் துணை கேளுங்கள். நாளைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். கொடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, கேட்டால் கூச்சம் உங்களுக்குத்தான்.

இன்று கேட்டுவிட்டாள். மூடிய கதவையெல்லாம் ஒரு போன் போட்டுத் திறந்து பழகின கை. பழக்கம் விடுமா?

“இது என்ன ஃபேன் ஸ்பீடா, ரெகுலேட்டரைத் திருகிக் குறைக்க?” என்றார் எலக்ட்ரீஷியன். கடுமை இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். “முந்நூத்தி நாப்பத்தெட்டு நாள் இருந்தவங்களுக்கு இன்னும் பதினேழு நாள் கசக்குதா?”

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். பதில் அந்தப் பைக்குள் இருந்தது.

அவள் சேர்ந்திருந்த பஹாய் மதத்தில் மணமுறிவு உண்டு, அவசரம் கிடையாது. ஒரு முழு வருஷம் கணவனும் மனைவியும் பிரிந்து வாழ வேண்டும். பொறுமை ஆண்டு என்று அதற்குப் பெயர். நடுவில் மனம் மாறிச் சேர்ந்துவிட்டால் நல்லதாய்ப் போயிற்று. சேர்ந்த பிறகு மறுபடி பிரிந்தால், அதுவரை எண்ணியதெல்லாம் தண்ணீரில் எழுதிய எழுத்து. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். கணவர் பஹாய் இல்லை என்பதற்காக அவளுக்குச் சலுகை கிடையாது.

காலில் விழுந்து கேட்க அங்கே மதகுருவும் கிடையாது. ஊருக்கு ஒன்பது பேர் கொண்ட சபை. வருஷத்துக்கு ஒருமுறை ரகசிய ஓட்டு. யாரும் வேட்பாளராக நிற்கக் கூடாது, எனக்குப் போடு என்று கேட்கவும் கூடாது. பதினைந்து வருஷமாக அவள் பஹாயாக இருக்கிறாள். ஒருமுறைகூட அந்த ஒன்பதில் அவள் வந்ததில்லை. அவள் வீட்டு விருந்துகளுக்கு மரத்துக்கு மரம் சீரியல் லைட் கட்டின எலக்ட்ரீஷியன் வருஷா வருஷம் வந்தார். அவள் நரைக்குச் சாயம் பூசுகிற பார்லர்ப் பெண்ணும் வந்தாள். முடிவு படிக்கும்போதெல்லாம் எல்லாருக்கும் முன்னால் கை தட்டியவள் அவள்தான். உள்ளே எரிந்ததை யாரும் பார்க்கவில்லை.

“வழக்கமா கேக்குறதையும் இப்பவே கேட்டுடறேன்,” என்றார் சபைச் செயலாளரான எலக்ட்ரீஷியன். “நடுவுல நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கலையே?”

“இல்லண்ணா.”

மாதம் ஒருமுறை கேட்கும் கேள்வி. அந்த ‘இல்லண்ணா’ ஐந்தாவது பொய்.

*

ஊருக்கு அவள் ஜூஸ் ராணி.

முப்பத்துமூன்று வயதில், விருந்துக்கு வந்த ஒரு கண் டாக்டர் மறந்து வைத்துவிட்டுப் போன சின்னப் பிரார்த்தனைப் புத்தகத்தைப் புரட்டியதில் தொடங்கியது. மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம் என்ற பேச்சு முதலில் அவளுக்கு நல்ல மேடைப் பேச்சாகத்தான் பட்டது. படிக்கப் படிக்க அது மேடையைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. மது கூடாது என்று இருந்தது. அடுத்த விருந்திலேயே கிண்ணங்களில் பழச்சாறு.

ஊர் சிரித்தது. பில்டர், அதாவது அவள் கணவர், சிரிக்கவில்லை. யோசித்தார். நகரத்தில் குடியில்லாத பெரிய விருந்து ஒரே வீட்டில் என்றால் அதற்கு ஒரு மவுசு உண்டு. அதிகாரிகள் மனைவியோடு வருவார்கள், குழந்தைகளோடு வருவார்கள். குடிக்கிறவர்களுக்குப் பின்னால் ஆபீஸ் ரூம் இருந்தது. “முன்வாசல்ல ஜூஸ், பின்வாசல்ல விஸ்கி. எங்க தம்பி வீட்டுல எல்லா மதத்துக்கும் மரியாதை,” என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

ஜூஸ் ராணிக்குத் தெரியுமா, பின்வாசல்? தெரியும். தெரியாதவள் போல் இருப்பது அவள் தொழிலில் பாதி.

பஹாய்களுக்குப் பத்தொன்பது நாளுக்கு ஒரு விருந்து. பெயர்தான் விருந்து. பிரார்த்தனை, ஊர் விஷயம், டீ, பிஸ்கட். ஒருமுறை தன் ஹாலுக்கு அழைத்தாள். பெயின்டரும் டைப்பிஸ்டும் பார்லர்ப் பெண்ணும் சோபா நுனியில் உட்கார்ந்து, டீக்கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே ஆறவிட்டார்கள். பிறகும் ஹால் திறந்தேதான் இருந்தது. அவர்கள் வழக்கமாகக் கூடும் பழைய பள்ளிக்கூட அறைக்கே போய்விட்டார்கள். அவளும் அங்கே போய் மடக்கு நாற்காலியில் உட்காரக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதாக நினைத்தாள்.

அது நடந்து ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அன்றும் பெரிய விருந்து. மார்க்கெட் பக்கம் பில்டர் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் நாலாம் மாடிச் சாரம் சரிந்தது. வாசலில் அவள் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். பில்டர் வந்து இடுப்பில் கை போட்டார். காதருகே குனிந்தார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ செல்லப் பேச்சு.

“சாரம் விழுந்துடுச்சு. நாலு பேர் போயிட்டாங்க. சிரி, போட்டோ எடுக்கிறான்.”

சிரித்தாள். அதுதான் விஷயம். அவர் சொன்னது இரண்டாம் பட்சம். அவள் சிரித்தாள். மறுவாரம் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்த அந்தப் படத்தில் அவள் பல் அத்தனையும் தெரிந்தது.

மறுநாள் காலை ஒரு பெட்டியோடு வெளியே வந்தாள். தையல் கடை மாடியில் இரண்டு அறை. பொறுமை ஆண்டின் முதல் நாள்.

அதோடு நின்றிருந்தால் இன்று எலக்ட்ரீஷியனிடம் தலைகுனிய வேண்டியதில்லை. இருநூற்று மூன்றாம் நாள் பில்டருக்கு நெஞ்சு வலி. ஸ்டென்ட் வைத்து மலை வீட்டுக்கு ஓய்வுக்கு அனுப்பினார்கள். போனில் அழுதார். அவர் அழுது அவள் கேட்டதே இல்லை. சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு மலைக்குப் போனாள். பத்து நாள். மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், சமைத்தாள், ஒரே கட்டிலில் படுத்தாள். பரிதாபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பரிதாபம் பாதி. பழக்கம் மீதி.

பத்தாம் நாள் காலை பால்கனியில் அவர் யாருடனோ போனில் சிரித்தபடி சொன்னது காதில் விழுந்தது. “வந்துட்டா. வேற எங்கே போவா?”

அடுத்த பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டாள். அவசரத்தில் பல் துலக்கும் பிரஷை எடுக்க மறந்தாள்.

போன வாரம் அவளுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. இருபத்தைந்தாம் திருமண நாள், பகல் விருந்து, இருவர் பெயரும் பொன்னெழுத்தில். உறைக்குள்ளிருந்து ஒரு போட்டோ விழுந்தது. மலை வீட்டுக் குளியலறை. கண்ணாடி டம்ளர். அதில் தோளோடு தோள் சாய்ந்து இரண்டு பிரஷ், ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. பின்பக்கம் அவர் கையெழுத்து: ‘பகல் ஒரு மணி. தாமதிக்காதே. இல்லையென்றால் இதன் காப்பி உன் ஒன்பது பேருக்கும் போகும்.’

அந்த ஒரு மணி இன்றைக்கு.

*

மகள் பல் டாக்டர். கிளினிக்கில் காலையில் ஒரே ஒரு நோயாளி, அதுவும் பயந்து வாசலோடு திரும்பிவிட்டார். பிளாஸ்டர் பல் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினாள். நோயாளி நாற்காலி. அதில்தான் அவள் உட்கார்ந்தாள்.

கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினாள்.

மகள் அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். வேறொருத்தியாக இருந்தால் இரண்டு பிரஷ்ஷைத்தான் பார்த்திருப்பாள். இவள் தொழில் வேறு.

“இந்தப் பச்சை நான் உனக்கு வாங்கிக் கொடுத்த பிரஷ். மெத்து நார். உன் ஈறு தேயுதுன்னு கொடுத்தேன். இடது பக்கம் மட்டும் நார் விரிஞ்சிருக்கு பாரு. நீதான் இடது பக்கம் போட்டுத் தேய்தேய்னு தேய்ப்ப.” போட்டோவைத் திருப்பினாள். படித்தாள். “எங்கே இது?”

“மலை வீடு.”

“எத்தனை நாள்?”

“பத்து.”

பிளாஸ்டர் அச்சை மகள் மேஜையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனாலும் முன்பல் ஒன்று உடைந்தது.

மகள் பேசியதெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. சாரம் விழுந்த மறுநாளிலிருந்து அப்பாவிடம் பேச்சை நிறுத்தியவள் அவள். அம்மாவுக்காக. அப்பா பெயர் போனில் வந்தால் எடுப்பதில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் போகவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாவுக்குத் துரோகம் ஆகிவிடும் என்று. அம்மாவோ அடுத்து மலை வீட்டில் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“உன் புருஷன்கிட்ட போனது உன் இஷ்டம்மா. நான் யாரு கேக்க? எங்கிட்ட சிநேகிதி வீடுன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான். அந்தப் பத்து நாள்ல ஒரு நாள் நானும் வந்து அவரைப் பார்த்திருப்பேன்.”

நோயாளி நாற்காலி விளக்கு முகத்துக்கு நேராக எரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கோபம் ஆறியதும் மகள் டாக்டர் ஆனாள். சொத்தைப் பல்லைப் பிடுங்குவதா, அடைப்பதா என்ற கணக்கு. அடைத்துவிடலாம் என்றாள். பதினேழு நாள்தானே. போய் நிற்கட்டும், ஒரு போட்டோ, ஒரு சாப்பாடு. அவர் வாயைத் திறக்க மாட்டார். பதினெட்டாம் நாள் வக்கீலைப் பார்க்கலாம். ஒன்பது பேருக்கு என்ன எக்ஸ்ரே கண்ணா இருக்கிறது?

“எல்லாரும் பொய் சொல்றாங்கம்மா. நீ ஒருத்தி சொல்லலைன்னா உலகம் திருந்திடுமா? பேசாம போய் நில்லு. சிரி. வந்துடு.”

அவள் கண்ணைத் திறந்தாள்.

அன்று வாசலில் பில்டர் ‘சிரி’ என்று காதில் சொன்னதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்கும் தெரியாது. தெரியாமல்தான் சொன்னாள். ஆனால் அதே சொல், அதே அவசரம், அதே அக்கறை.

பில்டரின் பயமுறுத்தல் அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. இன்று போட்டோவுக்கு நின்றால் விட்டுவிடுவார். பதினெட்டாம் நாள் அவள் விடுதலை. அந்த விடுதலையின் கயிறு அவர் சட்டைப்பையில் இருக்கும். அடுத்த விருந்துக்கும் இந்தப் பச்சை பிரஷ் உறைக்குள் வரும்.

“எழுத ஒரு காகிதம் குடு,” என்றாள்.

கிடைத்தது மருந்துச் சீட்டு. தலைப்பில் கை கால் முளைத்த ஒரு பல் ஈ என்று சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே எழுதினாள். இருநூற்று மூன்றாம் நாளிலிருந்து பத்து நாள் கணவரோடு மனைவியாக வாழ்ந்தேன். ஐந்து முறை கேட்டீர்கள், ஐந்து முறை பொய் சொன்னேன். என்னை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவிடுங்கள்.

தோளுக்கு மேலாக வாசித்த மகளுக்கு முகம் வெளுத்தது. “இன்னொரு வருஷமா? லூசாம்மா நீ?”

“ஆமா,” என்றாள் அவள். எந்தக் கேள்விக்கு என்று சொல்லவில்லை.

*

எலக்ட்ரீஷியன் சீட்டை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கடையில் நாலைந்து ஃபேன்கள் இறக்கையில்லாமல் கிடந்தன. டெஸ்டிங் போர்டில் ஒரு பல்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தார்.

“இது ஒன்பது பேர் முன்னாடி வாசிக்கணும்க்கா. வெளியே போகாது. ஆனா வாசிச்சாகணும்.”

“வாசிங்க.”

“பார்லர்ப் பொண்ணும் இருக்கும்.”

“என் நரை எவ்வளவுன்னு அவளுக்குத்தான் தெரியும். இதுவும் தெரியட்டும்.”

அவர் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். வழி சொல்ல நினைத்தார் என்று தெரிந்தது. மலையிலிருந்து திரும்பிய நாளிலிருந்து எண்ணச் சொல்லிக் கேட்கலாமே, மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சுமே என்றார். தேதியை அவர் ஒருத்தர் குறிக்க முடியாது, ஒன்பது பேரும் பேசித்தான் குறிப்பார்கள், ஆனால் கேட்பதில் தப்பில்லை என்றார்.

காலையில் நாளைக் குறைக்கச் சொல்லி வந்து நின்றவள் இப்போது மறுத்துத் தலையாட்டினாள். வேண்டாம். ஒரு மணிக்கு மறுபடி அந்த வாசலை மிதிக்கப் போகிறேன், அங்கிருந்து வெளியே வந்த பிறகு எண்ணுங்கள் என்றாள்.

“எதுக்குக்கா போகணும்? அதான் எழுதிட்டீங்களே.”

“கார்டுல என் பேர் இருக்குண்ணா. வரலைன்னா உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுவார். ஒரு வருஷமா அப்படித்தான் சொல்லிட்டிருக்கார். வெளிநாட்டுல வைத்தியமாம். நானே போய்த்தான் இல்லைன்னு சொல்லணும்.”

*

கேட்டில் புது காவலாளி. பெரிய ரெஜிஸ்டரை நீட்டினார். தான் இருபத்துநாலு வருஷம் குடியிருந்த வீட்டுக்குள் நுழைய அவள் கையெழுத்துப் போட்டாள். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் சற்று நின்று, ‘எல்லாரையும்’ என்று எழுதினாள்.

உள்ளே கால் வைத்ததும் கண் தானாக வேலை செய்தது. மேஜை விரிப்பு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. பூ ஜாடி உயரம், எதிரே உட்காருகிறவர் முகம் மறையும். ஜூஸ் கிண்ணங்கள் முன்னால், பின்கதவு ஒருக்களித்து. மறக்காமல் செய்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் இது. நூறு பேரில் யார் யாரோடு பேச்சில்லை, யாரை யார் பக்கத்தில் உட்கார வைத்தால் எந்தக் கோப்பு நகரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

“வனவாசம் முடிஞ்சுதா?” என்று நாத்தனார் எதிரே வந்தாள். “மெலிஞ்சுட்டியே. அங்கே வெறும் பிஸ்கட்டுதானா?”

“டீயும் உண்டு அண்ணி,” என்றாள் அவள். நாத்தனாரே சிரித்துவிட்டாள்.

பில்டர் மாடி அறையில் கண்ணாடி முன் நின்றிருந்தார். ஸ்டென்டுக்குப் பிறகு கழுத்து இளைத்திருந்தது. சட்டைக் காலர் பெரிதாகத் தெரிந்தது. பார்த்ததும் பழைய பரிதாபம் ஒரு கணம் தலை தூக்கியது. அதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள், தெருவில் கடன்காரனைக் கண்டதுபோல்.

அவர் கத்தவில்லை. அவர் எப்போதும் கத்துவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். அனுமதி கொடுக்கும் அதிகாரி மனைவியோடு வந்திருக்கிறார் என்றார். அந்த அம்மாவுக்கு இவள் என்றால் உயிர். மார்க்கெட் கட்டடம் ஒரு வருஷமாகப் பூட்டிக்கிடக்கிறது, இன்று விருந்தில் நல்ல சூழ்நிலை அமைந்தால் வரும் வாரமே வேலை தொடங்கலாம்.

“அதே சாரக்காரனா?” என்றாள்.

“அதெல்லாம் உனக்கு எதுக்கு?” காலர் பட்டனைப் போட்டுக்கொண்டார். “நான் உன்னை அடிச்சேனா? சாப்பாடு போடலையா? உன் பிரார்த்தனை, உன் கூட்டம், எதையாவது தடுத்தேனா? பதினேழு நாள் கழிச்சு நீ உன் வழிய பாரு. நான் வாயைத் திறக்க மாட்டேன். இன்னிக்கு ஒரு போட்டோ. அவ்வளவுதானே கேக்குறேன்?”

அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான். அவர் என்றைக்குமே அதிகமாகக் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு போட்டோ.

“கீழே போகலாம்,” என்றாள் அவள்.

அவர் முகம் மலர்ந்தது. படிக்கட்டில் அவள் கையைப் பிடித்து, ஜோடியாக இறங்கினார். ஹாலில் கைதட்டல்.

எந்த விருந்திலும் எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்தில் குவிகிற நேரம் ஒன்றுதான் உண்டு. அது குரூப் போட்டோ. சாப்பாட்டின்போது பாதிப் பேர் தட்டைப் பார்ப்பார்கள், பேச்சின்போது கடிகாரத்தைப் பார்ப்பார்கள். போட்டோவுக்கு மட்டும் நூறு முகம் ஒரு பக்கம் திரும்பும், யாரும் பேச மாட்டார்கள். இருபத்துநாலு வருஷம் அவள் அதற்காகக் காத்திருந்து ஆட்களை நிற்க வைத்திருக்கிறாள். இன்றும் நிற்க வைத்தாள். அதிகாரி நடுவில், அவர் மனைவி தன் பக்கத்தில், குட்டையானவர்கள் முன்னால்.

போட்டோக்காரர் கையைத் தூக்கினார். பில்டர் காதருகே குனிந்தார்.

“சிரி.”

அவள் அதிகாரியின் மனைவி பக்கம் திரும்பினாள். அவருக்கு அறுபது வயதிருக்கும், அவள் கையை ஆசையாகப் பற்றியிருந்தார். “உடம்பு தேவலையா? திரும்பி வந்துட்டீங்களே, அது போதும்,” என்றார்.

“எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. நான் திரும்பி வரவும் இல்லை. நாங்க பிரிஞ்சிருக்கோம்.” வரவேற்கிற அதே குரல், ஹாலின் கடைசி வரிசை வரை கேட்கப் பழக்கின குரல். “நடுவுல ஒரு பத்து நாள் சேர்ந்து இருந்தோம். அது என் தப்பு. சொல்ல வேண்டியவங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டுத்தான் வர்றேன்.”

பில்டரின் கை அவள் முழங்கையில் இறுகியது. முகம் இன்னும் போட்டோவுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் செய்தியைக் கேட்டிருந்தது.

அவள் அதிகாரியைப் பார்த்தாள். ஒருவரைப் பற்றிப் பின்னால் பேசுவது அவள் மதத்தில் பெரிய பாவம். புறம் பேசக் கூடாது. சரி, அவர் இங்கே பக்கத்தில்தான் நிற்கிறார். இது புறம் ஆகாது.

“மார்க்கெட் கட்டடத்துல நாலு பேர் செத்த அன்னிக்கும் இதே மாதிரிதான் போட்டோவுக்கு நின்னோம் சார். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சிரிச்சேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தப் போட்டோவை ஒரு தரம் எடுத்துப் பாருங்க.”

பின்கதவுப் பக்கம் யாரோ கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது. அதிகாரி தன் காலணியைப் பார்த்தார். அவர் மனைவி பற்றியிருந்த கையை விட்டார். வெறுப்பிலா, வேறெதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நிற்கவும் இல்லை.

முழங்கையை விடுவித்துக்கொண்டு வரிசையிலிருந்து வெளியே வந்தாள்.

போர்ட்டிகோ வரை பில்டர் கூடவே வந்தார், விருந்தாளியை வழியனுப்புகிறவர் மாதிரி. ஜன்னலுக்குள்ளிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் முகம் சாந்தமாக இருந்திருக்கும்.

“பொண்ணோட கிளினிக்குக்கு இன்னொரு சாவி எங்கிட்ட இருக்கு,” என்றார் மெதுவாக. “கட்டடம் யாருதுன்னு அவளுக்கும் ஞாபகப்படுத்து.”

அவள் கால் ஒரு கணம் நின்றது. உடைந்த முன்பல்லோடு மேஜை மேல் கிடந்த பிளாஸ்டர் அச்சு நினைவுக்கு வந்தது. இதை அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தன் பொய்யைக் கழுவும் அவசரத்தில் மகளின் கதவுக்கு யாரிடம் சாவி இருக்கிறது என்பது மறந்தே போயிற்று.

திரும்பிப் போய் நின்றால் இன்னும் ஒரு போட்டோ எடுக்கலாம். போட்டோக்காரர் இன்னும் கையைத் தூக்கியபடிதான் இருப்பார்.

நடந்தாள்.

கேட்டில் காவலாளி ரெஜிஸ்டரைத் திருப்பி நீட்டினார். வெளியேறும் நேரம் எழுத வேண்டுமாம். மறுபடி உள்ளே வருவதாக இருந்தால் வேண்டாமாம், அதே வரி போதும் என்றார். “திரும்பி வருவீங்களா மேடம்?”

“இல்லப்பா.”

ஒன்று நாற்பது என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்து. ஒரு வருஷமாகக் கையெழுத்துக்குக் கீழே அன்றைய நாளின் எண்ணைப் போட்டுப் பழகிய கை, தன் போக்கில் ஒரு மூன்றை எழுதத் தொடங்கியது. அதை அடித்தாள். ஒன்பது பேரும் அஞ்சு மணிக்கு உட்கார்ந்து எந்தத் தேதியைக் குறித்தாலும் குறிக்கட்டும். அடித்ததன் பக்கத்தில் ஒரே ஒரு கோடு கிழித்தாள்.

காவலாளி குனிந்து பார்த்தார். “ஒண்ணா மேடம்? இது எந்தக் கட்டத்துல வரும்?”

அவள் பேனாவை அவர் கையில் வைத்துவிட்டுக் கிளினிக் இருக்கும் திசையில் வேகமாக நடந்தாள்.